சாயம் வெளுத்தது பவளத்துக்கு மட்டுமா?

பவளப்பாறைகள் வெளுத்துவிட்டன என்று ஒரு செய்தி வந்தால் அதன் இரண்டாவது வரி என்னவாக இருக்கும் என்பதைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம். "புவி வெப்பமயமாதலே காரணம்." மூன்றாவது வரியில் யாராவது ஒருவர் கவலை தெரிவிப்பார். நான்காவது வரி கிடையாது. கல்யாண வீட்டில் சாம்பார் அடிப்பிடித்துப் போனதற்கு அடுப்பைக் கைகாட்டிவிட்டுச் சமையல்காரர் வெற்றிலை போடப் போவதைப் போலத்தான் இதுவும். அடுப்பு எரிந்தது உண்மைதான் ஐயா, கிண்டவேண்டியவர் எங்கே போனார் என்பதல்லவா கேள்வி?

பேச்சு மன்னார் வளைகுடாவைப் பற்றியது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று இன்னொரு பலகையும் மாட்டினார்கள். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது கடலுக்கு மேலே இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வரலாம்.

முதலில் வெளுத்தல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். பவளம் என்பது பாறை அல்ல, பிராணி. குண்டூசித் தலை அளவுள்ள ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டிய குடியிருப்பு. அந்த உயிர்களின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி உணவு சமைத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது அந்தக் குடித்தனக்காரர்தான். பவளத்தின் உணவுத் தேவையில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. பவளத்தின் நிறமும் அதனுடையதே. கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். சதை கண்ணாடி மாதிரி ஆகி, அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதுதான் வெளுத்தல்.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. பட்டினி கிடக்கும் பவளம். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், நிறமும் வரும். குளிரத் தாமதமானால் சாகும். செத்த பிறகும்கூடக் கதை முடிந்துவிடுவதில்லை. அந்த வெற்றுச் சுண்ணாம்பின் மேல் அடுத்து யார் வந்து உட்காருவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புதிய பவளக் குஞ்சு உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பார் மீளும். (பார் என்பது மீனவர்கள் சொல்லும் பெயர். 'பவளத் திட்டு' என்றெல்லாம் கரையில் யாரும் சொல்வதில்லை.) கடற்பாசி முந்திக்கொண்டு படர்ந்தால் அவ்வளவுதான், பவளத்துக்கு இடம் கிடைக்காது.

ஆக, கேள்விகள் இரண்டு. வெளுக்காமல் தடுக்க முடியுமா? வெளுத்தபின் மீளவைக்க முடியுமா? இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் கைகழுவுகிறவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. அவர்கள் கையில் ஒரு நல்ல ஆயுதமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2016-ல் நடந்த வெளுத்தலைப் பற்றி டெர்ரி ஹ்யூஸ் குழுவினர் 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மீன்பிடி தடைசெய்யப்பட்ட இடமும் வெளுத்தது, தடையில்லாத இடமும் வெளுத்தது, தெளிந்த நீரும் சேற்று நீரும் ஒன்றுபோலவே அடிவாங்கின என்பது அதன் சாரம். உடனே, "பார்த்தீர்களா, உள்ளூர்ப் பாதுகாப்பால் ஒரு பயனும் இல்லை!" என்று கிளம்பிவிட்டார்கள்.

அந்தக் கட்டுரை பதில் சொன்னது முதல் கேள்விக்கு. இரண்டாவது கேள்விக்கு வேறு இடத்தில் பதில் இருக்கிறது. 1998-ல் இந்தியப் பெருங்கடல் முழுக்கக் கொதித்தபோது செஷல்ஸ் தீவுகளில் பவளத்தில் பத்தில் ஒன்பது பங்கு செத்தது. 21 பார்களை ஆய்வாளர்கள் விடாமல் கவனித்து வந்தார்கள். 2015-ல் வெளியான கணக்குப்படி அவற்றில் 12 மீண்டன, 9 பாசிக்காடாக மாறின. எல்லாமே ஒரே நாடு, ஒரே கடல், ஒரே வெயில். அப்புறம் எது பிரித்தது? ஆழம் கொஞ்சம் கூட இருந்த பார், மேடுபள்ளமாகக் கரடுமுரடாக இருந்த பார், பாசி தின்னும் மீன் நிறைய இருந்த பார், கழிவுச்சத்து குறைவாக இருந்த நீர், பவளக் குஞ்சுகள் அதிகம் இருந்த இடம். ஆழத்தை யாராலும் மாற்ற முடியாது, சரி. மீனையும் கழிவையும்? இன்னொரு உதாரணம் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் தனியாகக் கிடக்கும் ஸ்காட் பார். பக்கத்தில் வேறு பவளம் இல்லாததால் விதை வரவும் வழியில்லை, இது தேறாது என்றுதான் நினைத்தார்கள். 1998-க்குப் பிறகு 9 சதவீதமாக விழுந்திருந்த உயிர்ப்பவளப் பரப்பு 12 வருடத்தில் 44 சதவீதமாக ஏறியது. அங்கே சாக்கடை இல்லை, சேறு இல்லை, மீன்பிடி நெருக்கடியும் அதிகமில்லை. ரகசியம் அவ்வளவுதான்!

இதற்கெல்லாம் ஆஸ்திரேலியா வரை போகவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. மன்னார் வளைகுடாவே இதே பாடத்தைத் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது.

பல பத்தாண்டுகள் இங்கே பவளத்தை உடைத்து எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, கட்டடத்துக்குப் போனது, தொழிற்சாலைக்குப் போனது. படகு படகாக. சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாரில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்து போனதாகக் கணக்கு. அதற்கு முக்கியக் காரணங்கள் இந்தக் கல்லெடுப்பும் நாசகார மீன்பிடியும்தான். தீவைச் சுற்றி அலையை வாங்கிக்கொண்ட பாரை உடைத்தபின் அலை நேராகத் தீவைத் தின்றது. அந்த இரண்டு தீவுகள் முழுகிய கதையில் இது பெரும்பங்கு. அவற்றை வெப்பமயமாதல் கணக்கில் எழுதி மூடிவிடுவது சௌகரியம், அவ்வளவே.

2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு கல்லெடுப்பு நின்றது. சட்டத்துக்குப் பயந்து ஒரு பாதி, பார் இருந்த இடத்தில் அலையின் வேகம் தணிந்ததைக் கரைக்காரர்களே பார்த்தது மறுபாதி. அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில் 2005 வாக்கில் 37 சதவீதம் போல இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2009-ல் சுமார் 43 ஆனது. 2010-ல் பெரிய வெளுத்தல் வந்து சுமார் 33-க்கு இறங்கியது. அடுத்த ஆறு வருடத்தில் மறுபடி 39-ஐ நெருங்கியது. 2016-ல் அடுத்த அடி. சுமார் 23!

இந்த ஏற்ற இறக்கத்தில் இறக்கத்தை மட்டும் படிப்பவர்கள் "எல்லாம் போச்சு" என்பார்கள். ஏற்றத்தையும் படிக்க வேண்டாமா? ஒரே ஒரு காரியம், கல்லை உடைக்காதே என்ற ஒரே காரியம் ஒழுங்காக நடந்ததற்கே கடல் இரண்டு முறை எழுந்து காட்டியிருக்கிறது. மற்ற காரியங்களையும் செய்திருந்தால்?

மற்ற காரியங்களில் முதலாவது மீன். கிளிமீன், ஓரா போன்றவை பாரின் மேல் மேய்கிற ஆடு மாடுகள். வெற்றுச் சுண்ணாம்பில் முளைக்கும் பாசியைச் சுரண்டித் தின்று, பவளக் குஞ்சு உட்கார இடம் துப்புரவு செய்து வைப்பவை. 1998 வெளுத்தலுக்குப் பிறகு பெருந்தடுப்புத் திட்டின் ஆர்ஃபியஸ் தீவில் ஒரு சோதனை செய்தார்கள். செத்த பாரின் சில பகுதிகளைப் பெரிய கூண்டு போட்டு மூடி, பெரிய மீன்கள் உள்ளே வராமல் தடுத்தார்கள். இரண்டரை வருடத்தில் கூண்டுக்குள் பாசி மண்டிவிட்டது. வெளியே மீன் மேய்ந்த இடத்தில் பவளம் பெருகியது. அங்கே கூண்டு மீனை வெளியே நிறுத்தியது. மன்னார் வளைகுடாவில் பாரின் மேல் வைக்கிற கூடு மீனை உள்ளே வாங்கிச் சந்தைக்கு அனுப்புகிறது. பவளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 2009-ல் பெலீஸ் நாடு கிளிமீன் பிடிப்பதையே நிறுத்தியது. மன்னார் வளைகுடாவில் 'வெளுத்த வருடத்திலும் அடுத்த சில வருடங்களிலும் இந்த நாலு தீவைச் சுற்றிக் கூடு வைக்காதீர்கள், அதற்குப் பதில் இந்த ஈட்டுத்தொகை' என்று ஓர் ஏற்பாடு செய்ய என்ன தடை? விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கத் தெரிந்த மாநிலம்தானே?

இரண்டாவது, கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் வெயிலின் மீது பழிபோட இடமே இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்தப் பயன்படும் பொருள் இதிலிருந்து வருகிறது. 1990-களில் ஆய்வுக்காக மண்டபம் வந்தது, பிறகு மூங்கில் மிதவைகளில் வளர்ப்புத் தொழிலாக மாறியது. 'இது இனப்பெருக்கம் செய்யாது, தப்பிப் போகாது' என்றார்கள். பாசிக்கு வித்து எதற்கு? கைப்பிடித் துண்டு அலையில் ஒடிந்து போனாலே போதுமே. அரசுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. 2005 டிசம்பரில் வந்த அரசாணை இந்த வளர்ப்பைப் பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும்தான் அனுமதித்தது. ஆனால் கடலுக்கு அரசாணை படிக்கத் தெரியாது :-) 2008-ல் குருசடைத் தீவில் மான்கொம்புப் பவளத்தின் மேல் இந்தப் பாசி கம்பளி போர்த்தியதுபோல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிறகு சிங்கிள், முள்ளித் தீவுகளிலும் கண்டார்கள். அடியில் மாட்டிய பவளத்துக்கு வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லையென்றால் உள்ளே குடியிருக்கும் பாசிக்குச் சமையல் இல்லை. வெயில் கொல்லாததை நிழல் கொல்கிறது.

அப்புறம் ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்கினார்கள். துண்டு மிச்சமிருந்தால் மறுபடி வளரும், மறுபடி பிடுங்கவேண்டும். ஒரு கை பிடுங்கிக்கொண்டிருக்க, இன்னொரு கை என்ன செய்தது? 2020-ல் அறிவித்த மத்திய மீன்வளத் திட்டத்தில் கடற்பாசிக்கென்று 640 கோடி ரூபாய். 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127.71 கோடியில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல். பாசி வளர்ப்பே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது சோறு. கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் இந்தக் கடலின் சொந்தப் பாசிகள், அவற்றுக்கும் சந்தை இருக்கிறது. அவற்றை வளர்க்கும் வழிக்குப் பணத்தைக் கொட்டாமல், எது சீக்கிரம் வளர்கிறதோ அதன் பின்னாலேயே ஓடுவதுதான் தப்பு. சீமைக் கருவேலத்தைப் பார்த்த மாவட்டம் ராமநாதபுரம். அதுவும் 'விறகுக்கு நல்லது, சீக்கிரம் வளரும்' என்று வந்ததுதான். ஒருமுறை பட்டது போதாதா?

மூன்றாவது அழுக்கு. கரையோர ஊர்களின் சாக்கடை, தூத்துக்குடிப் பக்கம் அனல்மின் சாம்பல், இழுவைமடி கிளப்பிவிடும் சேறு. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அது மண்டி அழுகியபோது நீரில் ஆக்சிஜன் வற்றி, சிங்கிள் தீவையும் குருசடையையும் ஒட்டிய பகுதியில் மீனும் செத்தது, பவளமும் செத்தது. குறிப்பாக, சீக்கிரம் வளர்கிற கிளைப்பவளங்கள். 2016 வெயிலிலும் அதிகம் செத்தவை அதே கிளைப்பவளங்கள்தான். மூன்று வருடமாகத் தட்டுத்தடுமாறி எழுந்தவை மறுபடி விழுந்தன. பூங்கோரைக்கு எல்லா முறையும் சாக்கடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உரமும் கழிவும் கலந்த நீர் பாசிக்குத் தீனி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதெல்லாம் இப்படி இருக்க, பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் படம் போடச் சொன்னால் எல்லோரும் போடுவது ஒரே படம்: கடலுக்குள் இறங்கும் சிமெண்ட். தூத்துக்குடி அருகே வான் தீவைச் சுற்றி 2015-லிருந்து சரிவக வடிவச் சிமெண்ட் அமைப்புகளை இறக்கினார்கள். தீவு கரைவது தணிந்தது, மீனும் சேர்ந்தது. நல்ல வேலை, பாராட்டலாம். காரியாச்சல்லித் தீவு 1969-ல் 20.85 ஹெக்டேர் இருந்தது, 2024-ல் 3.14. அதற்கும் இதே வைத்தியம் தயாரானது. தீவைக் காப்பாற்ற அது தேவை. ஒடிந்த பவளக் கிளையைச் சட்டத்தில் கட்டி நடுவதும் சின்னச் சின்ன இடங்களில் பலன் தந்திருக்கிறது. ஆனால் பார் பல சதுர கிலோமீட்டர், நடுகிற கை சில ஆயிரம் சதுர மீட்டர். நட்ட பவளத்தின் மேல் பாசி ஏறினால் துடைக்கக் கிளிமீன் வேண்டும். நீர் கலங்கினால் அதற்கும் மூச்சு முட்டும். 2016 மாதிரி ஒரு கோடை வந்தால் நட்டதும் வெளுக்கும், நடாததும் வெளுக்கும்.

பிறகு ஏன் சிமெண்ட் மட்டும் கண்ணில் படுகிறது? டெண்டர் விடலாம், எண்ணிக்கை சொல்லலாம், படகில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். யாரையும் பகைக்க வேண்டியதில்லை. சாக்கடையை நிறுத்த நகராட்சியோடு மோதவேண்டும், இழுவைமடியை நிறுத்த விசைப்படகுக்காரர்களோடு, பாசியை நிறுத்த 640 கோடியோடு. கிளிமீன் ஓட்டுப் போடாது.

'பாதுகாப்பு' என்றவுடன் பகைத்துக்கொள்ளச் சுலபமான ஒரு கூட்டம் மட்டும் இருக்கிறது. சின்னப்பாலம், பாரதிநகர் போன்ற ஊர்களிலிருந்து மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு இறங்குகிறவர்கள். தேசியப் பூங்கா என்றதும் முதலில் துரத்தப்பட்டவர்கள் இவர்கள்தான். இத்தனைக்கும், மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது, மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் இறங்குவதில்லை என்று இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். எந்தப் பாரில் எந்த மாதம் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள். செயற்கைக்கோள் சூட்டைச் சொல்லும். எந்தத் தீவின் எந்தப் பக்கம் முதலில் வெளுத்தது, எது நிறம் திரும்பியது என்று தினமும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பவர்கள்தான் சொல்ல முடியும். கண்காணிப்பு வேலையை இவர்களுக்குச் சம்பளத்தோடு கொடுப்பதை விட்டுவிட்டு அபராதம் கொடுத்தால் எப்படி?

கடைசியாக ஓர் எதிர்க்கேள்வி, நியாயமான கேள்வி. இனிமேல் இதெல்லாம் செய்து என்ன பயன்? லட்சத்தீவுகளைப் பாருங்கள். அங்கே மீனவர்கள் தூண்டிலில் சூரை பிடிப்பவர்கள், பார் மீன் மேல் நெருக்கடி குறைவு. அதனால் 1998 அடிக்குப் பிறகும் பவளம் எழுந்தது. அங்கேயே அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் 1998-ல் 37 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 2022-ல் 19-தான். 2024-ல் உலக அளவில் நான்காவது பெருவெளுத்தல் என்று அறிவித்துவிட்டார்கள். உலகப் பவளப் பரப்பில் 84 சதவீதம் அந்தச் சூட்டைப் பார்த்துவிட்டது. இரண்டு டிகிரிக்கு மேல் போனால் எந்தக் கிளிமீனும் காப்பாற்றாது. கரியைக் குறைக்காமல் இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே லட்சத்தீவு ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. வெளுத்தல் இல்லாமல் தொடர்ந்து ஆறு வருடம் கிடைத்தால் அதற்குப் பிறகு மீட்சியின் வேகம் சட்டென்று கூடுகிறது. இடைவெளி முன்பைவிடக் குறுகிவிட்டது என்பதுதான் பிரச்சினையே. 1998, 2010, 2016, 2024. அப்படியானால் கிடைக்கிற ஒவ்வொரு வருடத்தின் விலையும் கூடிவிட்டது என்றல்லவா அர்த்தம்? பரீட்சைக்கு நாள் குறைந்துவிட்டது என்பதற்காகப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லும் வாத்தியாரை எங்கேயாவது பார்த்ததுண்டா?

மன்னார் வளைகுடாவில் நீர் சூடேறத் தொடங்குவது ஏப்ரலில். அதற்கு முன்பே குருசடையில் பாசியைப் பிடுங்கி முடித்திருக்க வேண்டும். ஜூனுக்குள் எந்தத் தீவில் கூடு வைக்கக்கூடாது என்று மீனவர்களோடு உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும். அக்டோபரில் மழை தொடங்கும்போது சாக்கடை வாயில் ஒரு சுத்திகரிப்புத் தொட்டியாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பாரிஸில் யாரும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை, ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் போட்டால் போதும்.